பழைய பிக்கப் வண்டியில் இன்ஜின் பவரைக் கூட்டுவது எப்படி: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது

இது டீசலில் ஓடும் பழைய பிக்கப் வண்டிகளுக்கான வழிகாட்டி. மஹிந்திராவின் 2523 சி.சி. பொலேரோ பிக்கப், கேம்பர், டாடாவின் 2956 சி.சி. 207 டி.ஐ., 702 சி.சி. ஏஸ் எல்லாம் இதில் அடக்கம். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் லோடு ஓட்டுபவர்களையும், ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் இறக்குபவர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

"லோடு ஏற்றினால் வண்டி இழுக்கவில்லை" என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் நேராகப் பம்ப் கடைக்குப் போய் டீசலைக் கூட்டிவிடச் சொல்கிறார்கள். அது கடைசி வேலை. இன்ஜின் நலமாக இருக்கிறதா, வண்டி நிற்குமா, சூட்டைத் தாங்குமா என்று பார்த்த பிறகு கியரைப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் காற்று, அதற்கும் பிறகுதான் டீசல். வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகும். சில நேரம் பிஸ்டனே போகும்.

1. குறை என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள்

"பவர் இல்லை" என்பது போதாது. எந்த இடத்தில், எந்த கியரில், எவ்வளவு லோடில், எந்த வேகத்தில் இழுவை குறைகிறது என்று எழுதுங்கள். நின்ற இடத்திலிருந்து எடுக்கத் திணறுவது, மலை ஏறும்போது திணறுவது, நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட முடியாமல் போவது ஆகிய மூன்றும் மூன்று வேறு குறைகள். முதலாவதுக்குக் கிளட்சும் கியரும், இரண்டாவதுக்கு கியரும் கூலிங்கும், மூன்றாவதுக்குக் காற்றும் டீசலும் காரணமாக இருக்கும்.

லோடைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். இலவம்பாடி கத்திரிக்காய் மூட்டைகள் தொட்டி நிறைய இருந்தாலும் எடை அதிகம் இராது. ஒரு செங்கல் இரண்டரை முதல் மூன்று கிலோ இருக்கும். தொட்டியில் பாதி உயரம்கூட வராத 500 செங்கல் ஒன்றேகால் டன்னைத் தாண்டிவிடும். வழக்கமான லோடோடு ஒருமுறை எடை மேடையில் ஏற்றி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைவிட அது அதிகம் என்றால், தீர்வு இன்ஜினில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவுப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பவரைக் கூட்டினாலும் அச்சும் சேசியும் பிரேக்கும் பழைய எடைக்குச் செய்தவைதான்.

இப்போது ஒரு கணக்கு. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் மேட்டில் மூன்று டன் மொத்த எடையுள்ள வண்டி மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏற, சக்கரத்தில் சுமார் 26 எச்.பி. வேண்டும். 40 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 42. கியர்பாக்ஸிலும் அச்சிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் இன்ஜின் 50க்கு உட்பட்ட பவரைத் தந்தால் போதும். 63 எச்.பி. இன்ஜின் உள்ள பொலேரோ பிக்கப் அதே மேட்டில் கரும்புகை தள்ளிக்கொண்டு 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், அது சின்ன இன்ஜின் அல்ல, நலம் கெட்ட இன்ஜின். இதைப் புரிந்துகொண்டாலே பாதிச் செலவு மிச்சம்.

ஏஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்கு வேறு பதில் தரும். ஒன்றரை டன் மொத்த எடையோடு 16 எச்.பி. இன்ஜின் அந்த மேட்டில் சுமார் 25 கி.மீ. வேகத்தைத்தான் தர முடியும். அதுவே அதன் முழுத் திறன். தினமும் மலை ஏறும் தொழில் என்றால் பணத்தை அந்த இன்ஜினில் போடாமல் பெரிய வண்டிக்குச் சேர்த்து வைப்பது நல்லது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் சர்வீஸ் மேனுவல் முதலில். டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளி, நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை) அழுத்தம், பம்ப் டைமிங் (பம்ப் டீசலைச் செலுத்தும் நேரம்), ஹெட் போல்ட் முறுக்கு எல்லாம் மாடலுக்கு மாடல் வேறு. நினைவில் சொல்லும் அளவை நம்பி வேலை செய்ய விடாதீர்கள்.

அடுத்து மூன்று மீட்டர்கள். எண்ணில் காட்டும் தண்ணீர் வெப்ப மீட்டர், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) உள்ள வண்டி என்றால் அந்த அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர், சைலன்சர் பக்கம் போகும் புகையின் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர். டேஷ்போர்டில் கம்பெனி தந்த முள் பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும். அது எழும்போது சேதம் தொடங்கியிருக்கும். டீசலைக் கூட்டும் எண்ணம் இருந்தால் பைரோமீட்டர் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

நாசில் டெஸ்டரும் பம்ப் பெஞ்சும் உள்ள ஒரு டீசல் பம்ப் கடையும், டயல் கேஜ் வைத்து கிரவுன் செட்டிங் (பின் அச்சின் பல்சக்கரங்களைச் சரியான இடைவெளியில் பொருத்துவது) செய்யத் தெரிந்த ஒருவரும் வேண்டும். எல்லாம் ஒரே மெக்கானிக்கிடம் கிடைக்காது, கிடைக்க வேண்டியதும் இல்லை.

பணத்தில் கால் பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பழைய இன்ஜினைத் திறந்தால் திட்டத்தில் இல்லாத ஒன்று நிச்சயம் வெளியே வரும். கையில் பணம் இல்லாததால் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுகிற நிலை வரக்கூடாது.

3. இன்ஜினின் உடல்நிலையைச் சோதியுங்கள்

இந்தப் பகுதியில் வரிசை மிக முக்கியம். மலிவான சோதனை முதலில், விலை அதிகமானது பின்னால். முன்னது சரியாக இருந்தால்தான் பின்னதன் முடிவை நம்ப முடியும்.

முதலில் ஏர் கிளீனர். செங்கல் சூளை, கல் குவாரி, பாலாற்றங்கரை மண் சாலை என்று ஓடும் வண்டியில் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டர் அடைத்துவிடும். கம்ப்ரஸர் காற்றை உள்ளே பாய்ச்சிச் சுத்தம் செய்து மறுபடி மறுபடி போடுகிறார்கள். அழுத்தமான காற்று தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசலை உண்டாக்கும். அதன் வழியே போகும் தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உட்சுவரான போரையும் தேய்க்கும். புதிதாக மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சில வண்டிகளின் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது டீசல் ஃபில்டரும் டேங்கும். ஃபில்டரின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தேங்கினாலோ துரு இறங்கினாலோ டேங்கையே கழற்றிக் கழுவ வேண்டும். அப்படிச் செய்யாமல் நாசில் மாற்றினால் புதிய நாசிலும் சீக்கிரம் கெடும்.

மூன்றாவது, இன்ஜினுக்கு வெளியே பவரைத் தின்பவை. லோடு இல்லாமல் சமதளத்தில் நியூட்ரலில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். இரண்டு பேர் தள்ளி நகராவிட்டால் பிரேக் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டி வந்ததும் நான்கு வீல் டிரம்முக்கும் அருகில் கை வைத்துப் பாருங்கள், ஒன்றில் மட்டும் சூடு அதிகமாக இருந்தால் அதுதான். அப்புறம் கிளட்ச். மேட்டில் உயர்ந்த கியரில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. இருக்கும் பவரையே சக்கரத்துக்குக் கொண்டுபோகாத கிளட்ச், கூட்டின பவரைக் கொண்டுபோகாது.

நான்காவது டேப்பெட் செட்டிங். இன்ஜின் ஆறியிருக்கிறதா சூடாக இருக்கிறதா என்பதற்கு ஏற்ப மேனுவல் அளவு மாறும், அதைப் பார்த்துச் செய்யுங்கள். இடைவெளி குறைந்த வால்வ் முழுதாக மூடாது. இதைச் சரி செய்யாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பார்த்தால் நல்ல இன்ஜினும் கெட்டதாகத் தெரியும்.

ஐந்தாவது கம்ப்ரஷன். எல்லா சிலிண்டரையும் அளந்து எழுதுங்கள். உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் பவர் கூட்டும் பேச்சை நிறுத்திவிட்டு இன்ஜின் வேலையைப் பாருங்கள். எங்கே கசிகிறது என்று அறிய அந்த சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் காது கொடுங்கள். ஆயில் மூடியில் சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். ஏர் கிளீனரில் என்றால் இன்டேக் வால்வ். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

ஆறாவது நாசிலும் பம்ப் டைமிங்கும். நாசிலை டெஸ்டரில் பார்க்கும்போது அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். டீசல் மெல்லிய பனியாகத் தூவ வேண்டும், அடைத்த பிறகு நுனியில் சொட்டக் கூடாது. ஒன்று கெட்டிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் சிலிண்டருக்கு சிலிண்டர் வேலை வித்தியாசப்பட்டு இன்ஜின் உதறும். டைமிங் தாமதமாக இருந்தால் டீசல் எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் இறங்கிவிடும், பவர் குறைந்து சைலன்சர் சூடேறும்.

டர்போ வண்டி என்றால் கடைசியாக ஹோஸ்களைப் பாருங்கள். கிளிப் பக்கத்தில் ஆயில் கலந்த கறை இருந்தால் அங்கே காற்று கசிகிறது. விரல் நீளக் கீறல் போதும், மேட்டில் கரும்புகை வரவைக்கும்.

புகையின் நிறம் உதவும். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான இன்ஜினிலும் வெள்ளையாக வந்தால் எரியாத டீசல், அல்லது உள்ளே போகும் தண்ணீர்.

இவ்வளவும் முடித்த வண்டிகளில் பல அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. இங்கேயே நிறுத்திக்கொள்ளத் தயங்காதீர்கள்.

4. வண்டி நிற்குமா, சூட்டைத் தாங்குமா

ஏலகிரி போகும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் பத்தலப்பள்ளி மலைப்பாதையும் லோடு வண்டிக்கு லேசானது அல்ல. வேகமாக ஏறுகிற வண்டி இறங்கவும் வேண்டும். அதனால் பிரேக் வேலையைப் பவர் வேலைக்கு முன்பே முடியுங்கள்.

லைனிங், டிஸ்க் பேட், வீல் சிலிண்டர் கசிவு, பிரேக் ஆயில் ஆகியவற்றோடு வேக்கம் பம்ப்பையும் பாருங்கள். பல டீசல் வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும். அது தேய்ந்தால் பிரேக் மிதி கட்டையாகிவிடும். பிரேக் ஆயில் பழையதானால் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நீண்ட இறக்கத்தில் சூடாகும்போது ஆவியாகி மிதி உள்ளே போய்விடும்.

லோடுக்காக லீஃப் பிளேட் (பட்டை ஸ்பிரிங்) கூட்டிய வண்டிகளில் இன்னொன்று உண்டு. சில பிக்கப்களில் பின்பக்க பிரேக்குக்கு லோடைப் பொறுத்து அழுத்தம் மாற்றும் வால்வ் இருக்கும். வண்டியின் பின்பகுதி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அது லோடை அறிகிறது. பிளேட் கூட்டினால் பின்பகுதி தாழாது, வால்வ் லோடு இல்லை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பிளேட் கூட்டியிருந்தால் அந்த வால்வின் செட்டிங்கை மேனுவலில் பார்த்துச் சரி செய்யச் சொல்லுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் செய்வதும் இல்லை.

இனி கூலிங். வேலூரில் கோடையில் 40 டிகிரி தாண்டுவது வழக்கம். சிலிண்டரில் எரிக்கிற கூடுதல் டீசலில் கணிசமான பங்கு சூடாகத் தண்ணீருக்குத்தான் போகும். வைகாசி வெயிலில் லோடோடு மலை ஏறும்போது தாங்காத ரேடியேட்டரை வைத்துக்கொண்டு பவர் கூட்டினால் ஹெட் கேஸ்கெட்தான் விலை.

ரேடியேட்டரைக் கழற்றி வெளியே தூசி, வைக்கோல், பூச்சி அடைப்பை நீக்குங்கள். உள்ளே உப்புப் படிவத்தைச் சுத்தம் செய்யுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். அதையே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். படிவம் குழாய்களுக்குள் மேலே மேலே ஏறி, புதிய ரேடியேட்டரையும் அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள்.

"சூடேறுகிறது" என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கே பழக்கம். அது சரியல்ல. இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடி ரிங் தேயும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியே சுற்றி, சூடு இன்னும் ஏறும். புதிய தெர்மோஸ்டாட், நல்ல ரேடியேட்டர் மூடி, ஃபேன் பெல்ட் ஆகியவற்றைப் போடுங்கள். ஃபேன் விஸ்கஸ் கப்ளிங் வகை என்றால் சூடான பிறகு அது பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

5. தொடுவதற்கு முன் அளவெடுங்கள்

அளவு இல்லாவிட்டால் எந்தச் செலவு பலன் தந்தது என்று தெரியாது. புது சைலன்சரின் சத்தமே பலருக்குப் பவர் கூடியது போலத் தோன்றும்.

உங்கள் வழக்கமான லோடு, உங்கள் வழக்கமான மேடு, காலை ஒரே நேரம். குறிப்பிட்ட மைல்கல்லிலிருந்து குறிப்பிட்ட வளைவு வரை எவ்வளவு நேரம், எந்த கியர், தண்ணீர் வெப்பம் எவ்வளவு, பைரோமீட்டர் எவ்வளவு என்று பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். சமதளத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் மூன்றாவது கியரில் 25லிருந்து 50 கி.மீ. வேகம் வர எத்தனை விநாடி என்பதையும் எடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே சோதனை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

காலை நேரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 25 டிகிரி காற்றைவிட 42 டிகிரி காற்றில் ஒரு சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை சுமார் 5 சதவீதம் குறைவு. உயரமும் சேரும். காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தில் டர்போ இல்லாத இன்ஜினுக்கு இன்னும் 8 சதவீதம் காற்று குறையும். காலையில் வேலூரில் எடுத்த அளவையும் மதியம் மலையில் எடுத்த அளவையும் ஒப்பிட்டுவிட்டு மெக்கானிக்கைக் குறை சொல்வது நியாயமில்லை.

6. கியரும் டயரும்: மலை லோடுக்கு இதுதான் முதல் மாற்றம்

டயரில் தொடங்குங்கள். 215/75 ஆர்15 போட வேண்டிய வண்டியில் 7.00 ஆர்15 போட்டால் டயரின் உயரம் சுமார் 6 சதவீதம் கூடும். இழுவை அதே அளவு குறையும். கம்பெனி அளவுக்குத் திரும்பினாலே இழந்தது திரும்பக் கிடைக்கும். காற்றழுத்தமும் லோடுக்கு ஏற்றபடி இருக்கட்டும்.

அடுத்து கிரவுன் பினியன், அதாவது பின் அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி. உங்கள் வண்டியில் 41க்கு 10 பல் இருந்தால் விகிதம் 4.1. அதே ஹவுசிங்கில் பொருந்தும் 39க்கு 8 கிடைத்தால் விகிதம் 4.875. எல்லா கியரிலும் 19 சதவீதம் கூடுதல் இழுவை. இன்ஜினில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை, சூடு ஏறவில்லை, புகை ஏறவில்லை. ஜமுனாமரத்தூர் போன்ற மலை வழிகளிலும் குவாரி வேலையிலும் இதைவிட நல்ல மாற்றம் எனக்குத் தெரியாது.

இதற்கு விலையும் உண்டு. அதே இன்ஜின் சுற்றில் 80 கி.மீ. ஓடிய வண்டி இப்போது 67 தான் ஓடும். சென்னை, பெங்களூர் நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம். இன்ஜின் எப்போதும் கத்திக்கொண்டிருக்கும், மைலேஜும் குறையும்.

கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். வேறு வேறு செட்டிலிருந்து சேர்த்தால் ஊளைச் சத்தம் வந்து பல் தேயும். பேக்லாஷை (பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி) டயல் கேஜில் வைக்க வேண்டும், கையால் ஆட்டிப் பார்த்து வைக்கக் கூடாது. ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடும் வகை என்றால் அது தவறான வேகத்தைக் காட்டும், அதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

7. காற்று

மூச்சுவிட வழியில்லாத அடுப்பில் விறகைத் திணித்தால் புகைதான் வரும். டீசலுக்கு முன் காற்று என்பதற்கு இதுதான் காரணம்.

கடைகளில் விற்கும் கூம்பு வடிவ திறந்த ஃபில்டரை வாங்காதீர்கள். அது பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுக்கும், தூசியையும் சரியாகத் தடுக்காது. கம்பெனி ஏர் கிளீனர் பெட்டியை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து குளிர்ந்த காற்று வரும் குழாய் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அந்தக் குழாய் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

சைலன்சரில் உள் தகடு உடைந்து அடைத்திருந்தால் மாற்றுங்கள். சத்தத்துக்காகச் சைலன்சரையே எடுத்துவிடுவது எஃப்.சி.யிலும் (தகுதிச் சான்றிதழ் சோதனை) சாலையிலும் பிரச்சினை தரும், பவரும் குறிப்பிடும்படி கூடாது.

டர்போ உள்ள வண்டிக்கு நல்ல பலன் தருவது இன்டர்கூலர். 42 டிகிரி வெயிலில் 1 பார் அழுத்தம் தரும் டர்போவிலிருந்து வெளியே வரும் காற்று 140 டிகிரியை நெருங்கும். அதை 70 டிகிரிக்குக் குளிர வைத்தால் அதே அழுத்தத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று கிடைக்கும், எரியும் வெப்பமும் குறையும். இருக்கும் இன்டர்கூலரின் உள்ளே ஆயில் படிந்திருந்தால் முதலில் அதைக் கழுவுங்கள். இன்டர்கூலரை ரேடியேட்டர் முன்னால் வைத்து அதன் காற்றை அடைக்காதபடி இடம் பாருங்கள். நாலாவது பகுதியில் செய்த கூலிங் வேலையை இங்கே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

8. டீசல்

பழைய பம்ப் வண்டியா, சி.ஆர்.டி.ஐ. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைத் தூவும் வகை) வண்டியா என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

பம்ப் வண்டியில் டீசல் அளவு ஸ்க்ரூவைத் திருகிவிட்டால் ஐந்து நிமிடத்தில் பவர் கூடும். அதனால்தான் எல்லோரும் இங்கே முதலில் வருகிறார்கள். பம்ப்பை இறக்கி பெஞ்சில் வைத்து, எல்லா சிலிண்டருக்கும் சமமாகப் போகிறதா என்று பார்த்து, பிறகு கொஞ்சமாகக் கூட்டுங்கள். வண்டியில் வைத்தபடியே திருகினால் ஏற்கெனவே அதிகம் வாங்கும் சிலிண்டர் இன்னும் அதிகம் வாங்கும், அதன் பிஸ்டன்தான் முதலில் உருகும்.

கூட்டிய பின் மேட்டில் முழு லோடோடு பைரோமீட்டரைப் பாருங்கள். டர்போவுக்கு முன் 700 டிகிரியைத் தாண்டி நின்றுகொண்டிருந்தால் குறையுங்கள். பிஸ்டன் அலுமினியம், அதன் தாங்கும் எல்லை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு நொடி தொட்டுவிட்டு இறங்குவது வேறு, மலை முழுக்க நிற்பது வேறு. தொடர்ந்து கரும்புகை தெரிந்தாலும் குறையுங்கள். அந்தப் புகை முழுதாக எரியாத டீசல், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது.

சி.ஆர்.டி.ஐ. வண்டிக்கு இ.சி.யு. ரீமேப், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றும் வேலை, செய்கிறார்கள். வாங்கும் முன் கேட்க வேண்டியவை: பழைய ஃபைலைத் திருப்பித் தருவார்களா, லோடு வண்டிக்கென்று புகை எல்லை வைத்து எழுதினார்களா, உங்கள் வண்டியில் லோடோடு ஓட்டிப் பார்த்துத் தருவார்களா. சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் இடையே செருகும் சின்னப் பெட்டிகள் வேண்டாம். ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாய்) அழுத்தம் குறைவு என்று இ.சி.யு.வை ஏமாற்றி அழுத்தத்தை ஏற்றுவதுதான் பலவற்றின் வேலை. பழைய இன்ஜெக்டரும் பம்ப்பும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தினமும் சுமக்கும்.

எவ்வளவு கூட்டலாம்? பழைய லோடு வண்டிக்கு 10 முதல் 15 சதவீதம் என்பது என் எல்லை. அதற்கு மேல் கிளட்ச் பிளேட், கியர்பாக்ஸ் பேரிங், ஜாயின்ட் என்று ஒவ்வொன்றாகப் பில் வரும்.

9. டர்போ சேர்ப்பதும் இன்ஜின் மாற்றுவதும்

டர்போ இல்லாத பழைய இன்ஜினில் டர்போவை வாங்கிப் பொருத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. டர்போவுக்கென்று கம்பெனி செய்த இன்ஜினில் பிஸ்டன், கம்ப்ரஷன் விகிதம், கேஸ்கெட், ஆயில் வழி எல்லாம் வேறாக இருக்கும். அவற்றையும் மாற்றினால் செலவு இன்னொரு இன்ஜின் விலைக்கு வந்துவிடும்.

ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரி செய்வது) செய்யும் நிலையில் இன்ஜின் இருந்தால், முதலில் கம்பெனி அளவில் நல்ல ரீபோர், நல்ல ஹெட் வேலை. அதுவே பெரிய மாற்றம். இன்ஜினையே மாற்ற வேண்டும் என்றால், அடுத்த பகுதியைப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டர்போ வண்டி ஓட்டுபவருக்கு ஒன்று: மலை ஏறி முடித்ததும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூடான தண்டில் ஆயில் நின்றுபோனால் கரிந்து பேரிங்கைக் கெடுக்கும்.

10. காகித வேலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி தந்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நாசில், ஃபில்டர், ரேடியேட்டர், கிளட்ச் போன்ற பழுதுகளுக்கு இது பொருந்தாது. இன்ஜின் மாற்றம், எரிபொருள் மாற்றம் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வேண்டும். டி.என். 23 என்றால் வேலூர், டி.என். 73 என்றால் ராணிப்பேட்டை. இன்ஜினின் பில்லும் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆவணமும் இல்லாமல் பழைய இரும்புக் கடையில் வாங்காதீர்கள். எஃப்.சி. அன்று இன்ஜின் எண் ஒத்துப்போகாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். எட்டு வருடம் தாண்டிய லோடு வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் வரும் என்பதால் இது தள்ளிப்போடக்கூடிய விஷயம் அல்ல.

புகைச் சோதனையையும் கணக்கில் வையுங்கள். பி.எஸ். 4 (அரசின் புகை விதி நிலை) வருவதற்கு முந்தைய டீசல் வண்டிக்கு எல்லை 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகை அடர்த்தியின் அளவு), பி.எஸ். 4 வண்டிக்கு 50. டீசலைக் கூட்டிய வாரமே போய்ச் சோதித்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிந்தால் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு அது காரணமாகும்.

11. வேலை முடிந்த பிறகு

இன்ஜினைத் திறந்து ரிங் மாற்றியிருந்தால் முதல் 1,000 கி.மீ. பாதி லோடு. ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். ஐடிலிலும் நெடுநேரம் விடாதீர்கள், ரிங் போரோடு சேராது. மெக்கானிக் சொன்ன கிலோமீட்டரில் முதல் ஆயிலை மாற்றி, பழைய ஆயிலைத் துணியில் வடிகட்டி உலோகத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோஸ் கிளிப், மவுண்டிங் போல்ட் எல்லாவற்றையும் ஒரு வாரம் ஓடிய பிறகு திரும்ப முறுக்குங்கள். புது ரப்பர் சூட்டில் படிந்து தளரும். ஹெட் போல்டைத் திரும்ப முறுக்குவது மேனுவல் சொன்னால் மட்டும். சில இன்ஜின்களில் அது கூடாது.

பிறகு அதே லோடு, அதே மேடு, அதே காலை நேரம். முதலில் எழுதிய தாளின் பக்கத்தில் புதிய எண்களை எழுதுங்கள். நேரம் குறைந்து வெப்பமும் ஏறாமல் இருந்தால் வேலை சரி. நேரம் குறைந்து பைரோமீட்டரோ தண்ணீர் வெப்பமோ எல்லையைத் தொட்டால், அன்றே பம்ப் கடைக்குப் போய்க் கொஞ்சம் குறைத்துவிட்டு மறுநாள் காலை மறுபடி ஏற்றிப் பாருங்கள்.